ஏழு கோடாலிகள் கிடைத்த இடம்

அந்த நோட்டில் பதினொரு வீட்டுப் பெயர்கள் இருந்தன. எழுதினது நான். அந்தப் பெயர்களை இன்றைக்கும் எங்கேயும் எழுதமாட்டேன். பயம் இன்னும் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு, மிஷன் பள்ளிக்கூடத்தில் இடம் காலியாகட்டும் என்று வீட்டில் காத்துக்கொண்டிருந்தேன். யாரும் ஓய்வு பெறவுமில்லை, சாகவுமில்லை. பாறசாலைக்கும் கொல்லயிலுக்கும் நடுவில் எங்கள் வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது போதகர் சொன்னார்: திருவனந்தபுரத்திலிருந்து ஒரு ஆராய்ச்சிக்காரர் வந்திருக்கிறார், கொல்லயில் பக்கம் மரச்சீனிக் கிழங்கு நட்ட ஒரு விளை நிலத்தைத் தோண்டி ஆதிகாலத்து மனிதர்கள் குடியிருந்த இடத்தைப் பார்க்கப்போகிறார், கையெழுத்து நன்றாக உள்ள ஒரு ஆள் கூடநின்று உதவினால் கொள்ளாம், சம்பளம் கிடையாது. கடைசி இரண்டு வார்த்தையைக் கேட்டதும் வாலிபர் சங்கத்து ஆண்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

அந்த விளைக்காரர் மரச்சீனிக்குக் குழி எடுத்தபோது வழுவழுப்பான கற்கள் கிடைத்திருந்தன. ஒரு பக்கம் கூர், ஒரு பக்கம் மொட்டை. இடி விழும்போது வானத்திலிருந்து விழுகிற கல் என்று சொல்லி அதில் ஒன்றை மாட்டுத் தொழுவத்துக் கூரையின் இறவாணத்தில் செருகி வைத்திருந்தார். அந்த ஆராய்ச்சிக்காரர், எங்களுக்கு அவர் சார், அதைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே தோண்ட வந்தார். அவை கல்லால் செய்த கோடாலிகள் என்றார். இரும்பு என்ற ஒன்றைக் கண்ணால் காணாதவர்கள் செய்தது. சார் மலையாளி. நல்ல மனிதர். முதல் நாளே என்னிடம் ஒன்று சொன்னார்: ஒரு கல்லை எங்கிருந்து எடுத்தோம் என்று எழுதாமல் எடுத்தால் அது களவைவிட மோசம், களவு போனதையாவது திருப்பி வைக்கலாம்.

வேலை இப்படி. நிலத்தில் குற்றி அடித்து, சரடு கட்டி, பத்தடிச் சதுரங்களாகப் பிரித்திருந்தார்கள். சதுரத்துக்கும் சதுரத்துக்கும் நடுவில் ஒரு முழம் மண்ணைச் சுவர் மாதிரி விட்டுவிட வேண்டும். சதுரத்துக்கு ஒரு ஆள். மம்பட்டியால் வெட்டக்கூடாது, கொத்தனார் கரண்டியால் மண்ணைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கிடைத்ததை என்னிடம் கொண்டுவருவார்கள். நான் விளைக் கிணற்றிலிருந்து கோரித் தொட்டியில் ஊற்றின தண்ணீரில் கழுவி, காயவைத்து, அதன்மேல் மையால் ஒரு வரிசை எண் போடுவேன். சின்ன ஓடுகள் என்றால் பையில் போட்டு, எண் எழுதின சீட்டை உள்ளே வைப்பேன். அதே எண்ணை நோட்டில் எழுதி, இடதுபக்கக் கட்டத்தில் தேதியும் சதுரமும், நடுவில் என்ன பொருள், வலதுபக்கம் எத்தனை அடி ஆழம் என்று எழுத வேண்டும். கல்லில் எண் மட்டும்தான் இருக்கும். மற்றது எல்லாம் நோட்டில்.

சதுரங்களுக்கு சார் இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் சேர்த்துப் பெயர் வைத்திருந்தார். அதில்தான் முதல் வாரமே குளறுபடி. தோண்டுகிறவர்கள் பதினொரு பேர். ஏழு பேர் வீட்டில் தமிழ், நாலு பேர் வீட்டில் மலையாளம். குழிக்குள் இறங்கிவிட்டால் யார் எது என்று கண்டுபிடிக்க முடியாது. கெட்ட வார்த்தை இரண்டிலும் வரும். ஆனால் ஏ, பி, சி ஒருத்தருக்கும் நாக்கில் நிற்கவில்லை. அவர்களில் ஒருவர் முன்பு பாறை உடைக்கும் வேலை செய்தவர், நாற்பது வயது இருக்கும், வாய் சும்மாவே இருக்காது. வாய்க்காரர் என்றே சொல்கிறேன். ஒரு ஓட்டாஞ்சில்லைக் கொண்டுவந்து நீட்டுவார்.

"இது எந்தச் சதுரம் அண்ணா?"

"காலையில பி மூணு. சாயா குடிச்சிட்டு வந்தா எவனோ மாத்திப்போட்டான் போல. எனக்கு இப்போ ஒரு ஓர்மையும் இல்ல பிள்ளே. நீ ஒரு நல்ல எழுத்தாப் பாத்துப் போடு."

அந்த வாரம் நான் எழுதினதில் பாதி தப்பு. சார் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாளெல்லாம் பட்டணத்தில் அவருக்கு வேலை. அதனால் நானே ஒரு வழி செய்தேன். எங்கள் ஊரில் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. வீட்டுப் பெயர்தான் ஆளுக்குப் பெயர். சதுரத்துக்கும் அதில் இறங்குகிறவனுடைய வீட்டுப் பெயரைப் போட்டுவிட்டால் யாருக்கும் தப்பாது. கடைசியில் எல்லாவற்றையும் சாருடைய எண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாரிடம் கேட்கவில்லை. பெரிய புத்திசாலி என்று எனக்கே என்மேல் மதிப்பு.

வேலை சுத்தமாக நடந்தது. அதோடு குழிகளுக்குள் போட்டியும் ஆரம்பித்தது.

"எலே, உன் வீட்டுல இன்னைக்கு என்ன?"

"ரெண்டு கத்தி, ஒரு அரைகல்லு."

"தூ. என் வீட்டுல ஏழு கோடாலி உண்டு. உன் வீட்டுல பானை ஓடு பொறுக்கவே ஒரு பொம்பள வேணும்."

அந்த ஏழு கோடாலியும் வாய்க்காரருக்கு ஒரே நாளில் கிடைத்தவை. அடித்து மெழுகின களிமண் தரை, கம்பு நட்ட குழிகள் வரிசையாக, மூன்று கல் கூட்டிய ஒரு அடுப்பு, அதன் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு கோடாலி. யாரோ வேலை முடிந்து வந்து அடுக்கி வைத்துவிட்டுப் போன மாதிரி. அன்றைக்கு எல்லாரும் அவரவர் குழியை விட்டுவிட்டு அங்கே வந்து நின்றார்கள். பிறகு வாய்க்காரர்தான் சொன்னார்: "என் வீட்டு அடுப்பும் இதாக்கும். இவன் பெஞ்சாதியும் ஊதி ஊதித்தான் கண்ணு கெட்டிருப்பா."

இதெல்லாம் நடந்த காலம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். ஐம்பத்து நாலாம் வருடம், மலையாளச் சர்க்காரின் கீழ் இருந்த தெற்குத் தாலுக்காக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று போராட்டம் நடந்துகொண்டிருந்தது. மார்த்தாண்டம் பக்கம் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்தார்கள். அதற்குப் பிறகு போலீஸ் வீடு வீடாக ஏறியது. நெய்யாற்றின்கரைத் தாலுக்காவில் எங்கள் நிலைமை இன்னும் கேவலம். வீட்டில் தமிழ் பேசி, சந்தையில் மலையாளம் பேசி, இரண்டிலும் கணக்குத் தீர்த்து வாழ்ந்த சனம். இப்போது பஸ்ஸில் ஏறினால் வாயை மூடிக்கொண்டு இருந்தோம். வாலிபப் பிள்ளைகள் பகலில் ரப்பர் காட்டுக்குள் போய் இருந்தார்கள். எங்கள் தலைவர்கள் மேடையில் எல்லைக் கோடு கிழித்தார்கள். அந்தப் பக்கத்துத் தலைவர்களும் கிழித்தார்கள். அடி வாங்கினது கோடு போகிற இடத்தில் மரச்சீனி நட்டவன். அந்தத் தேச்சியம், அந்தக் கோபம், எனக்கு இன்றைக்கும் தீரவில்லை.

நானும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். குழிக்குள் நடப்பது குழியோடு இருக்கும் என்று நம்பினேன்.

ஒரு புதன்கிழமை, பத்து மணி இருக்கும். ஏட்டும் இரண்டு போலீஸ்காரரும் வரப்பு வழியாக வந்தார்கள். சார் இல்லை. ஏட்டு நேராகக் குற்றிகளையும் சரடையும் பார்த்தார்.

"ஆராடா இவிடெ அதிர்க்கல்லு இடுந்நது?"

எல்லைக்கல் போடுவது யார் என்று கேட்கிறார். எங்கள் சதுரங்கள் அவர் கண்ணுக்கு எல்லை அளக்கிறதாகத் தெரிந்திருக்கிறது. வீட்டில் மலையாளம் பேசுகிற ஒருவர் குழியிலிருந்து ஏறி, பழைய காலத்துச் சாமான் தேடுகிறோம் என்று விளக்கினார். ஏட்டு அவரைக் காலால் ஒதுக்கிவிட்டு மூன்று குற்றிகளைப் பிடுங்கி எறிந்தார். பிறகு என்னிடம் வந்தார். கோடாலியும் கத்தியும் எந்தெந்த வீட்டில் எத்தனை இருக்கிறது என்று எழுதி வைத்த புஸ்தகம் இங்கே உண்டாமே, அது எங்கே என்றார்.

நோட்டு என் மடியில் இருந்தது. அதன்மேல் ஓடு துடைக்கிற ஈரத்துணி. துணிமேல் என் இரண்டு கை.

"சாரின்டெ கையிலா," என்றேன். சாரிடம் இருக்கிறது. என் மலையாளம் சுத்தமாக வந்தது. பயத்தில் அப்படி வரும்.

நாளைக் காலையில் இன்ஸ்பெக்டர் வருவார், புஸ்தகம் இங்கே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உன் வீட்டுக்கு வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் தலை மறைந்ததும் விஷயம் தெரிந்தது. முந்தின நாள் சாயக்கடையில் வைத்து வாய்க்காரர் நெஞ்சைத் தட்டிப் பேசியிருக்கிறார். என் வீட்டு பேருல ஏழு கோடாலி உண்டு, இவன் வீட்டு பேருல நாலு கத்திதான், வேணுமானா புஸ்தகத்தைப் பாரு, டீச்சர் எழுதி வச்சிருக்கு என்று. கேட்டவன் எவனோ போய்ச் சொல்லிவிட்டான்.

"எனக்கு வாயில புண்ணு வரட்டும் பிள்ளே," என்றார் வாய்க்காரர். முகத்தில் இரத்தமே இல்லை. "கல்லு தானே, கல்லுண்ணு காட்டினா விட்டுரமாட்டானா?"

எல்லாரும் கரண்டியைப் போட்டுவிட்டு வேறுவேறு வழியாகப் போனார்கள். நான் நோட்டை வேதபுத்தகப் பையில் வைத்து, அதை மார்போடு பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியில் ஒரு ஜீப் போயிற்று. கால் தானாகத் தோட்டத்துக்குள் இறங்கி நின்றது. ஜீப் நிற்கவில்லை.

வீட்டில் நானும் அம்மாவும்தான். கதவைச் சாத்தி நோட்டைத் திறந்தேன். நான் எழுதினதை ஏட்டுடைய கண்ணால் வாசித்தேன். ஒரு வீட்டுப் பெயர். கோடாலி இரண்டு. ஆழம் மூன்றடி. இன்னொரு வீட்டுப் பெயர். கத்தி நான்கு. அடுப்புக்குப் பக்கத்தில் புதைந்திருந்தது. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், அறுபது பக்கம் இப்படியே. பதினொரு வீட்டிலும் மண்ணுக்கடியில் என்ன ஆயுதம், எத்தனை அடியில் என்று நானே தேதி போட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். கல் என்ற வார்த்தையை நான் எங்கேயும் எழுதவில்லை. எல்லாம் கல்தானே, பிறகு எதற்கு எழுதவேண்டும்?

அம்மாவிடம் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அடுப்புல வை."

"மூணு மாசத்து வேலை அம்மா. இது போனா அங்க கிடைச்சது எல்லாம் வெறும் கல்லு."

"கல்லு வெறும் கல்லாட்டு இருக்கட்டும். அந்தப் பதினொரு பேரு பெஞ்சாதிமாருக்கு நீ என்னத்த எடுத்துக் குடுப்ப? இந்த நோட்டையா?"

சாருக்குத் தந்தி அடிக்கலாம் என்றால் தந்தியாபீஸ் வாசலிலேயே போலீஸ். பஸ்ஸில் கொண்டுபோகலாம் என்றால் நெய்யாற்றின்கரையில் எல்லாப் பையையும் திறந்து பார்க்கிறார்கள். முழுவதும் எரித்தால் நாளைக்குப் புஸ்தகம் எங்கே என்று வீட்டுக்கு வருவார்கள். புஸ்தகம் இருக்க வேண்டும், பெயர்கள் இருக்கக்கூடாது. மறுபடியும் வெளியே ஜீப் சத்தம். அப்பாவுடைய பழைய சவரப் பிளேடு அலமாரியில் இருந்தது. எடுத்தேன்.

இடதுபக்கக் கட்டத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாக வெட்டினேன். பக்கம் பக்கமாக. பிளேடு இரண்டு இடத்தில் விரலிலும் பட்டது. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் எல்லாத் துண்டும் அடுப்பில் போய்விட்டது. அம்மா அதன்மேல் மீன் சட்டியை வைத்தாள்.

சாம்பலான பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது. துண்டுகளைப் பார்த்துப் பார்த்து, பெயருக்குப் பதில் சார் வைத்த சதுர எண்ணை உள்ளே தள்ளி எழுதிவிட்டு, பிறகு எரித்திருக்கலாம். ஒரு இரண்டு மணி நேர வேலை. ஆட்கள் ஒரு சதுரம் முடிந்தால் அடுத்ததில் இறங்குவார்கள், தேதியைப் பார்த்தால்தான் யார் எங்கே என்று தெரியும். தேதியும் அந்தக் கட்டத்தில்தான் இருந்தது. அதைவிட மோசம் ஒன்று. நான் தாளின் இரண்டு பக்கமும் எழுதியிருந்தேன். முன்பக்கத்தில் இடது ஓரத்தை வெட்டினால் பின்பக்கத்தில் போவது வலது ஓரம். இரண்டு ஓரத்தையும் வெட்டினதில் எல்லாப் பக்கத்திலும் ஆழமும் போயிற்று. நோட்டைப் புரட்டினால் கோடாலி, கத்தி, ஓடு, கோடாலி. எந்த இடம், எத்தனை ஆழம், ஒன்றும் இல்லை. பயந்தவள் செய்கிற வேலை அப்படித்தான் இருக்கும். தரித்திரம் பிடித்த புத்தி.

மறுநாள் காலை நான் ஒருத்திதான் விளைக்குப் போனேன். தோண்டுகிறவர்கள் யாரும் வரவில்லை. இன்ஸ்பெக்டர் வந்தார். சட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. நோட்டைக் கொடுத்தேன். ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"இதெந்தா முறிச்சிருக்குந்நது?" ஏன் வெட்டியிருக்கிறது?

நான் ஒரு ஓட்டுப் பையைத் திறந்து உள்ளே இருந்த சீட்டை எடுத்துக் காட்டினேன். பைக்குள் எண் எழுதிப் போடக் காகிதம் இல்லை, அதனால் நோட்டின் ஓரத்தை வெட்டினோம் என்றேன். அந்தச் சீட்டு சந்தையில் வாங்கின வேறு காகிதம். நிறமே வேறு. அவர் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்திருந்தால் அன்றைக்கு என் கதை முடிந்தது. சீட்டை உடனே பைக்குள் திருப்பிப் போட்டேன்.

அவர் தட்டிலிருந்து ஒரு கோடாலியை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து நிறுத்துப் பார்த்தார்.

"இதாணோ கோடாலி?" இதுவா கோடாலி என்கிறார்.

சிரித்தார். ஏட்டும் சிரித்தார். கல்லை ஓட்டுக் குவியலில் எறிந்துவிட்டுப் போனார்கள். அதில் ஒரு மூலை உடைந்தது.

கல் என்று பார்த்ததும் சிரித்தாரே, அப்படியானால் பெயர்கள் இருந்திருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பாரா? இதைப் பலதடவை என்னையே கேட்டிருக்கிறேன். எனக்கு விடை வாய்க்காரரிடமிருந்து கிடைத்தது. அன்றைக்கு விடியும்போதே அவரைச் சாயக்கடையிலிருந்து பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். கோடாலி கல்லால் செய்தது என்று தெரிந்த பிறகும் விடவில்லை. நாலாம் நாள் விட்டார்கள். நான் அவர் வீட்டுக்குப் போனேன். குப்புறப் படுத்திருந்தார். அவர் மனைவி முதுகில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவள் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவள் செய்தது சரி.

"ஏழு கோடாலி உண்டுண்ணு பெருமை பறஞ்சேன்லா," என்றார் வாய்க்காரர். "ஏழையும் முதுகுல எண்ணி வச்சு விட்டான்."

"மத்தவங்க?"

"பத்து வீட்டையும் கேட்டான். எனக்கு என் வீட்டுக் கணக்கு மட்டும்தான் ஓர்மை உண்டு சாரேண்ணேன். பிறகும் கேட்டான். பிறகும் அதேதான் சொன்னேன்." கொஞ்சம் மூச்சு விட்டார். "புஸ்தகம்?"

"பேரு இல்ல. எரிச்சாச்சு."

"கொள்ளாம் மக்கா," என்றார். என்னை அவர் மக்கா என்று கூப்பிட்டது அன்றைக்கு ஒரு தடவைதான். அவருடைய வலது கை அதன்பிறகு தோளுக்கு மேலே தூக்க வரவில்லை.

திங்கட்கிழமை சார் வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்து, "இதெவிடந்நா?" என்றார். தெரியாது என்றேன். அடுத்த கல்லை எடுத்தார். இது எங்கிருந்து? தெரியாது. ஐந்தாறு கல் இப்படிக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார். மறுவாரம் சர்க்காரிலிருந்து வேலையை நிறுத்தச் சொன்னார்கள். குழிகளை மண் போட்டு மூடினோம்.

அவர் எனக்கு இரண்டு கடிதம் போட்டார். நினைவில் இருப்பதை எழுதி அனுப்பு, கொஞ்சமானாலும் போதும் என்று. கல் கல்லாகச் சொல்ல வராவிட்டாலும், பெரிய சாமான்கள் எங்கே கிடைத்தன என்று அப்போது எனக்கு நிறைய நினைவு இருந்தது. ஆனால் தபாலைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. இன்ன இடத்தில் இத்தனை கோடாலி என்று மறுபடியும் என் கையால் எழுதுவதா? பேனாவை எடுத்து மூடி வைத்துவிட்டேன். பதில் போடவில்லை. பிறகு கோடு எங்கே போகும் என்று முடிவாகி, நாங்கள் கேரளத்தில் நின்றுவிட்டோம். எனக்குக் கோட்டுகாலில் பள்ளிக்கூட வேலை கிடைத்தது. பயப்பட ஒன்றுமில்லாத காலம் வந்தது. அப்போதும் போடவில்லை. சார் இறந்த செய்தியைப் பத்திரிகையில்தான் பார்த்தேன்.

போன மாதம் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கண் காட்டப் போனேன். திரும்பி வரும்போது ஆட்டோக்காரனிடம் சொல்லி அந்த விளைக்குப் போனேன். அங்கே இப்போது மாடி வீடு. வாசலில் கார் நிற்கிறது. அந்தக் கிணறு மட்டும் இருக்கிறது, இரும்புக் கம்பி வலை போட்டு மூடி. வாய்க்காரர் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பதினொரு பேரில் இப்போது ஒருத்தரும் இல்லை.

கல்லெல்லாம் பட்டணத்தில் ஏதோ ஒரு பெட்டியில் என் கையெழுத்து எண்ணோடு கிடக்கும். மற்றதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது, குழம்பிவிட்டது. பொய் எழுதமாட்டேன். ஒன்று மட்டும் மறக்கவில்லை. யாராவது அந்தப் பெட்டியைத் திறந்தால் இதை வைத்துக்கொள்ளட்டும்.

எண் நூற்றுப் பன்னிரண்டு முதல் நூற்றுப் பதினெட்டு வரை. கல் கோடாலி ஏழு. கிணற்றுக்கு வடகிழக்கே கடைசி வரிசையில் மூன்றாவது சதுரம். மூன்று அடுப்புக்கல்லுக்குக் கிழக்கே, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருந்தது, கூர்ப்பக்கம் கம்புக்குழி வரிசையைப் பார்த்து. எடுத்தவர் வாய்க்காரர்.

ஆழம் எழுதியிருந்தேன். அது பின்பக்கத்தோடு போயிற்று.